அண்ணியை வைத்துச் சோதித்த மிஷின்கள்

என் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போய் நான் பார்த்ததே கிடையாது. வீட்டில் எல்லாரும் வரிசையாகக் காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது அவள் மட்டும் ஈரத் தலையோடு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, "எழுந்திரிங்க, எழுந்திரிங்க. படுத்தா இன்னும் படுத்தும்" என்று போர்வைகளை உருவிக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கும் எனக்கு. நான் அவளுடைய நாத்தனார், மாடி வீட்டில் குடியிருப்பவள். கல்யாணம் ஆன பிறகும் அண்ணனை விட்டுத் தொலையாதவள் என்பது அண்ணி எனக்கு வைத்திருக்கும் பட்டம்.

அண்ணிக்குத் தொழில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. அந்தப் பயிற்சிக் காரில் அவள் உட்காரும் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்கில் கால் வைத்தே பல வருஷமாகப் பிழைப்பு நடக்கிறது. அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். வங்கி மேலாளர், வக்கீல், இப்போதைக்கு ஒரு பல் டாக்டர். வெளியில் யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எல்லாரும் ஒன்றாம் வகுப்புதான். "கிளட்சை மெதுவா விடுங்கன்னு சொன்னேன். அதுல விடுங்கன்றது மட்டும்தான் காதுல விழுந்துதா?" என்று கேட்பாள். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்த மாட்டாள். அதையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டுக்கு வந்து எங்களிடம் உயர்த்துவாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சின்ன வயதில் புற்றுநோய் வந்திருந்தது என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எட்டு வயதில் கழுத்தில் கட்டி. சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து, கழுத்துக்கும் மார்புக்கும் கதிர் வைத்தியம், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டில். முடியெல்லாம் கொட்டி, திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்ததாம். அதுவரை நேராக இருந்த முடி. "ஆஸ்பத்திரிக்காரங்க இலவசமாப் போட்டுவிட்டது" என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே என் அண்ணனிடம் காட்டிச் சிரித்தவள் அவள். அண்ணன் அந்தச் சிரிப்பில்தான் விழுந்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

நோய் முற்றிலும் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன நாளோடு அந்தக் கதை முடிந்தது என்பது அண்ணியின் கட்சி. "எனக்கு வர வேண்டியதெல்லாம் மொத்தமா வந்துட்டுப் போயிருச்சு. இனிமே உங்க முறை" என்பாள். எங்கள் குடும்பம் முழுக்க அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. யாருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க வேண்டுமானாலும் அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குத்தான் எதுவும் ஒட்டாதே!

அண்ணன் இதற்கு நேர் எதிர். ஏப்பம் வந்தால் நெஞ்சுவலி என்பான், கால் மரத்துப்போனால் வாதம் என்பான். தும்மினால் தும்மலை எண்ணுவான். அவன் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் கம்பி சுற்றி ஈயத்தால் சீல் வைப்பதும் அவன் வேலை. இருபது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவனுக்கு உலகத்தில் எந்த மிஷினையும் நம்ப முடியாது. பேருந்து நிலையக் கடிகாரத்தைப் பார்த்தாலும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், பிறகு என் கைக்கடிகாரத்தைக் கேட்பான்.

அவன் அலுவலகத்தில் ஒருத்தர் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் என்றார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் ஒரு பிரஷர் மிஷினோடு வீட்டுக்கு வந்தான். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தான். மிஷின் உறுமி அடங்கியது. நூற்று இருபத்துநாலு.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்குன்னு மிஷின் சொல்லுது. மிஷின் நல்லா இருக்குன்னு யாரு சொல்றது?"

அவன் தொழிலில் ஒரு வழி உண்டு. தராசு சரியா என்று பார்க்க, அலுவலகத்திலிருந்து கொண்டுபோகும் கல்லைத் தட்டில் வைப்பான். அந்தக் கல்லின் எடை உறுதியாகத் தெரியும். அதற்கு மேலோ கீழோ காட்டினால் தராசு திருட்டுத் தராசு. இங்கே பிரஷர் மிஷினுக்கு அப்படி ஒரு கல் வேண்டும். சந்தேகமே இல்லாமல் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு ஆள் வேண்டும். அண்ணன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். என்னைத் தாண்டிப் போனது அந்தப் பார்வை, அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேரே போய் அண்ணியிடம் நின்றது.

"ஏம்மா, கொஞ்சம் கையைக் குடேன்."

அண்ணி கையை நீட்டினாள். முதலில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும் என்று மிஷினோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. அண்ணி ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்த அதிசயத்தை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். மிஷின் உறுமியது. நூற்று எழுபது. கீழே நூறு.

"பாத்தியா!" என்று அண்ணன் துள்ளினான். "நான் சொல்லல? ஓட்டை மிஷின்."

மறுநாள் காலையில் மருந்துக் கடையில் போய் மாற்றினான். இரண்டாவது மிஷின் அண்ணனுக்கு நூற்று இருபத்தாறு காட்டியது, அண்ணிக்கு நூற்று அறுபத்தெட்டு. "இதுவும் அதே தொழிற்சாலைதான் போல" என்றான். அதையும் கொண்டுபோனான். மூன்றாவது வேறு நிறம், வேறு கம்பெனி, விலை கூட. அண்ணிக்கு நூற்று எழுபத்திரண்டு. நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது என்று இப்போது சொன்னால் அது பொய். நானும் சேர்ந்துதான் மிஷினைத் திட்டினேன். நாட்டில் ஒரு சாமானும் உருப்படியாக வருவதில்லை என்று ஒரு பாட்டம் பாடினேன்.

மூன்றாவது மிஷினோடு நானும் அண்ணனும் போனபோது மருந்துக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். பொறுமைசாலி. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் பொறுமை இல்லை.

"சார், நீங்க ஆய்வாளர்ங்கறதால நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்கிட்ட வாங்கின மிஷினை வேற யாரும் திருப்பிக் கொண்டாரல. இன்னைக்கு இதை முடிச்சிருவோம். உக்காருங்க."

மூன்று மிஷினையும் மேஜையில் வரிசையாக வைத்தார். முதலில் தனக்கு மூன்றிலும் பார்த்தார், பிறகு அண்ணனுக்கு, பிறகு எனக்கு. இருமல் மருந்து வாங்க வந்த ஒருத்தர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் கையிலும் பட்டையைச் சுற்றினார். எல்லாருக்கும் மூன்று மிஷினும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொன்னது. எல்லாம் ஒழுங்கான எண்கள்.

"எந்தக் கையில வச்சு மிஷின் தப்புன்னு சொன்னீங்களோ அந்தக் கையை வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணிக்கு போன் போட்டோம். வகுப்பு நடுவில் இருந்தவள் பல் டாக்டரை ஓட்டச் சொல்லி நேரே கடைக்கே வந்தாள். பல் டாக்டருக்கு நிறுத்தத் தெரியும், ஓரமாக நிறுத்தத்தான் தெரியாது. நடுத் தெருவில் விளக்கைச் சிமிட்ட விட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களையெல்லாம் கைகூப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். முதல் மிஷின், நூற்று எழுபது. இரண்டாவது, நூற்று அறுபத்தொன்பது. மூன்றாவது, நூற்று எழுபத்தொன்று.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. அக்காவுக்குத்தான் பிரஷர் இருக்கு. டாக்டரைப் பாருங்க."

அண்ணி பட்டையைப் பிரித்து மேஜையில் போட்டாள். "காலைலேர்ந்து டீ குடிக்கல. அதான். வேற வேலை இல்ல உங்களுக்கெல்லாம்" என்று எழுந்து, பல் டாக்டரைத் திட்டிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன் சொன்னான். "நாங்க கொண்டு போற ஆபீஸ் கல்லு இருக்குல்ல, அதையே வருஷா வருஷம் மேலாபீசுக்கு அனுப்பி எடை சரியான்னு பாக்கணும். கை பட்டுப் பட்டுத் தேயும். பாக்காம விட்டா அந்தக் கல்லால பாத்த அத்தனையும் தப்பு. இவளை நாம ஒரு தடவைகூட அனுப்பிப் பாக்கலையே."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது போர். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணன் சொல்வான், அவள் வாளியை நகர்த்துவாள். மறுபடி சொல்வான், கதவைச் சாத்துவாள். நான் நடுவில் புகுந்து, "சும்மா ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாமே அண்ணி" என்றேன். "நீ உன் மாடிக்குப் போ" என்றாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான்கு நாள் கீழே இறங்கவில்லை. இறங்காமல் இருந்தது நான்கு நாளா மூன்று நாளா என்பதில் அவளுக்கும் எனக்கும் இன்றும் தகராறு இருக்கிறது.

ஒரு காலையில் தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பயிற்சிக் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். காருக்குள் ஸ்டியரிங்கையும் இருக்கையையும் சேர்த்து நல்ல கனமான கம்பி சுற்றியிருந்தது. கம்பியின் இரண்டு நுனியும் சேரும் இடத்தில் பளபளவென்று ஈய முத்திரை. தராசுக்கு வைக்கிற அதே அரசாங்க முத்திரை! அலுவலகப் பேனாவால் வீட்டுக் கணக்குகூட எழுதாத என் அண்ணன் அலுவலகக் கம்பியை எடுத்து, அலுவலக ஈயத்தை வைத்து, அலுவலக அச்சால் அமுக்கியிருந்தான். முத்திரையிலிருந்து ஒரு அட்டை தொங்கியது. மேற்படி சாதனம் சோதனையில் தேறும்வரை உபயோகிக்கக் கூடாது என்று அச்சிட்ட அட்டை.

அண்ணி கட்டிங் பிளேயரோடு வந்தாள். வகுப்புக்கு வந்த பல் டாக்டர் ஓரமாக நின்றவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"மேடம், தப்பா நெனைக்கக் கூடாது. நூத்தி எழுபதோட ஒருத்தர் வந்தா நான் பல்லுகூடப் பிடுங்க மாட்டேன். டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்."

"நீங்க முதல்ல ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குங்க!"

அவர் இரண்டடி பின்னால் போனார். ரிவர்ஸ் நன்றாகத்தான் எடுத்தார்.

அண்ணி கம்பியில் பிளேயரை வைத்தாள். அண்ணன் படியிறங்கி வந்து காரின் கதவருகே நின்றான். "வெட்டிக்கோ" என்றான். "சீலை உடைச்சா குற்றம். நானே எழுதிக் குடுத்திருவேன். என் வேலையும் போகும். ரெண்டு பேரும் சேர்ந்து வீட்ல இருப்போம். அப்பவாவது வருவியான்னு பாக்கறேன்." மிரட்டத் தெரியாதவன் மிரட்டினால் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அண்ணி பிளேயரை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. தெருவே கேட்கிற மாதிரிதான் பேசினாள். "அந்த வார்டுல என்னோட சேர்த்து அஞ்சு பிள்ளைங்க. வெளிய வந்தவ நான் ஒருத்திதான். நான் வெளிய வந்துட்டேன், நான் வெளிய வந்துட்டேன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டிருக்கேன். இப்ப மறுபடி போய் அந்த வாசல்ல நிக்கச் சொல்றீங்க. அப்ப நான் வெளிய வரவே இல்லையா? சொல்லுங்க."

தெருவில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு வாசலைப் பார்த்து நகர்ந்தார்கள்.

"நீ வெளிய வந்ததாலதான் எனக்குக் கிடைச்சே" என்றான் அண்ணன். "எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதும்மா. எனக்கு பயமா இருக்கு. எப்பவும் எனக்காக பயப்படுவேன், அது வேற. இது அது இல்ல."

அண்ணி பிளேயரை என் கையில் திணித்துவிட்டு, "சேலை மாத்திட்டு வரேன். ஆட்டோ பிடி" என்றாள்.

டாக்டர் அம்மா அண்ணியைவிட இளையவர். அண்ணன் போனதும் போகாததுமாக, "உங்க மிஷினைக் கடைசியா எப்பங்க சரிபாத்தாங்க?" என்று கேட்டுவிட்டான். நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். சின்ன வயதில் ஏதாவது பெரிய நோய் வந்ததா என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி ஒற்றை வரியில் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன மருந்து, கதிர் எந்த இடத்தில் வைத்தார்கள், கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் கழுத்தில் பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் எடுக்க வைத்தார். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொன்னார்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அந்த மருந்தும் கதிரும்தான் அன்று அண்ணியைக் காப்பாற்றின. ஆனால் அவை ரத்தக்குழாய்களையும் சும்மா விடவில்லை. குழாயின் சுவர் தடித்து, வளைந்து கொடுக்கிற தன்மை குறைந்திருக்கிறது. அண்ணி மாதிரி சின்ன வயதில் சிகிச்சை எடுத்தவர்கள் பலருக்கு இது வரக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. கவனித்தால் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை, உப்பில் சிக்கனம், நடை, வருஷா வருஷம் சோதனை.

"உங்க ரத்தக்குழாய்க்கு உங்களைவிட இருபது வயசு கூடன்னு வச்சுக்கங்களேன்" என்றார்.

அண்ணி அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள். "இதை ஏன் எனக்கு யாரும் சொல்லல?"

"அப்ப எங்களுக்கே சரியாத் தெரியாதுங்க. உங்களை மாதிரி பிள்ளைங்க பிழைச்சு, வளர்ந்து, பெரியவங்க ஆன பிறகுதான் தெரிய வந்துது. அதுக்கு முன்னாடி, பாக்கறதுக்கு அந்த வயசுல அவ்வளவு பேர் இல்லை."

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணி கொதித்துக்கொண்டிருந்தாள். பிரஷருக்காக இல்லை. "இருபது வயசு கூடவாம்! மூஞ்சிக்கு நேரா என்னைக் கிழவின்னு சொல்றா. நீயும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தே." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியதைப் பார்த்துவிட்டாள். இறங்கும்வரை அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

இனி மிச்சம் அத்தை. அண்ணியின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அடுத்த தெருவில் இருக்கிறாள், தினமும் காலையில் இங்கே வந்துதான் டீ குடிப்பாள். அந்த நோயின் பெயரை அத்தை சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. 'அந்தச் சமயம்' என்பாள், அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் விழுந்துவிடுவாள், அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அண்ணன் நடுங்கினான். சொல்லவே கூடாது என்று அண்ணி எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினாள். மருந்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் காலை அத்தை வந்தாள், டீ குடித்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், மருமகனின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தான்.

"என்ன மாப்ளே?"

"ஒண்ணும் இல்லைங்க அத்தை. பிரஷர் எனக்கு இல்லை" என்றான் அண்ணன். இந்த மனுஷனிடம் சத்தியம் வாங்கினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அந்தச் சமயம் மாதிரியா?" என்று மகளைப் பார்த்து மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா, அது இல்ல. அது போனது போனதுதான். இது பிரஷர். ரத்தக்குழாய்க்கு வயசாயிருச்சாம். உன் வயசு இருக்குமாம் அதுக்கு. அவ்வளவுதான், நீ உக்காரு."

"வயசாயிருச்சுன்னா சொன்னாங்க?"

"ஆமா. கிழவியாம் நான்."

அத்தை உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அண்ணன் தண்ணீருக்கு ஓடினான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சமயத்துல பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் பிள்ளை படிக்கணும், பெரிய ஆளாகணும்னு கேட்டாங்கடி. எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கத் தோணல. எம்பொண்ணுக்கு வயசாகணும். முடி நரைக்கணும், முட்டி வலிக்கணும். எனக்கு பிரஷர் இருக்குமா, சுகர் இருக்குமான்னு என்கிட்ட வந்து பொலம்பணும். அது போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் கேக்கல நான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு இருக்கு. எதிர்வீட்டுக்காரிக்கு இருக்கு. எல்லாருக்கும் வர்றதுதானடி உனக்கும் வந்திருக்கு."

அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அழுதுகொண்டே போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு மருந்தை எடுத்து வந்தாள். அத்தையும் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் கொண்டுவந்த ஒரே டம்ளர் தண்ணீரில் ஆளுக்கு ஒரு வாய் குடித்து மாத்திரையை விழுங்கினார்கள்.